பாதிச் சுதந்திரம்: திருச்சியிலிருந்து புறப்பட்ட இரண்டு நடைப்பயணங்கள்

லிபர்டேரியன் நண்பர்களோடு நாங்கள் நடத்திவரும் வாக்குவாதத்தில் ஒரு தவறான புரிதல் நிலைபெற்றுவிட்டது. அவர்கள் தனிமனித சுதந்திரத்தின் பக்கம் நிற்பதாகவும் நாங்கள் அரசின் பக்கம் நிற்பதாகவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதைப் போலப் பேச்சு நடக்கிறது. இதை மறுக்கவே இக்கட்டுரை. நண்பர்கள் கேட்கும் சுதந்திரம் மிகுதியானது என்று நாங்கள் புகார் சொல்லவில்லை. அது போதாது என்பதே எங்கள் புகார்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. லிபர்டேரியனிசம் என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. தாராளவாதம் என்றால் அது லிபரலிசத்தைக் குறித்துவிடுகிறது; தாராளமயம் என்றாலோ 1991க்குப் பிறகான பொருளாதாரக் கொள்கை மட்டுமே நினைவுக்கு வருகிறது. சுதந்திரவாதம் என்றே இங்கு சொல்வோம். பிறரை வற்புறுத்தாத வரையில் ஒருவனை யாரும் வற்புறுத்தலாகாது. அரசு என்பது வற்புறுத்தலின் ஆகப் பெரிய அமைப்பு, ஆகவே அதன் எல்லை மிகக் குறுகியதாக இருக்கவேண்டும். இதுதான் அந்தத் தத்துவத்தின் சாரம். இதில் எங்களுக்கு அருவருப்பு ஏதுமில்லை. சொல்லப்போனால், அரசியல் தத்துவங்களுள் இவ்வளவு நேரான முதல் வாக்கியம் வேறு எதற்கும் வாய்க்கவில்லை.

நண்பர்கள் சரியாகச் சொல்லும் இடங்களை ஏற்றுக்கொண்டுதான் மேலே போகவேண்டும். ஹாயெக் 1945இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் வாதம் இது: ஒரு சமூகத்தின் பொருளாதார அறிவு ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது; அதை ஒரு மேசையின் மேல் திரட்டித் திட்டமிட எந்த அதிகாரியாலும் இயலாது. இதற்கு உதாரணம் தேடி சோவியத் ரஷ்யாவுக்குப் போகவேண்டியதில்லை. திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் கள்ளிக்குடி வரை போனால் போதும். நெரிசலில் திணறும் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக, 70 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு அரசு அங்கே ஒரு மத்திய வணிக வளாகம் கட்டியது. 2017இல் திறந்தும் வைத்தது. வியாபாரிகள் போகவில்லை. கூலியாள் எங்கிருந்து வருவார், சில்லறைக் கடைக்காரர் விடியற்காலையில் எந்தப் பேருந்தைப் பிடிப்பார், கடன் எந்தத் திண்ணையில் பைசலாகும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கவில்லை. வியாபாரிகளின் தலைக்குள் இருந்தன. வளாகம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. ஹாயெக்குக்கு இதைவிடச் சிறந்த உரையாசிரியர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தத்தின் 29ஏ பிரிவின்படி, ஒரு கட்சி பதிவு பெறவேண்டுமானால் சோஷலிசத்தின் மீது பற்றுறுதி கொண்டிருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தரவேண்டும். 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி இன்று புதிதாகப் பதிவு செய்ய வந்தால், நம்பாத ஒன்றின் மீது சத்தியம் செய்தாக வேண்டும். கருத்துரிமையில் அக்கறையுள்ள எவரும், அவர் இடதுசாரியே ஆனாலும், இதற்காக வெட்கப்படவேண்டும். அந்த வெட்கம் எங்களுக்கு உண்டு.

ராஜாஜியின் பெயர் வந்துவிட்டது. நண்பர்கள் எப்போதும் அவரிடம்தான் வந்து சேர்கிறார்கள். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்த தீர்க்கதரிசி என்கிறார்கள். 1952 ஜூனில், முதலமைச்சரான சில வாரங்களில், உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே வீச்சில் நீக்கியவர் என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ராஜாஜியை அளக்க வேறொரு அளவுகோல் திருச்சியிலேயே இருக்கிறது. எட்டாண்டு இடைவெளியில் இந்த ஊரிலிருந்து இரண்டு நடைப்பயணங்கள் புறப்பட்டன. முதலாவதற்குத் தலைமை தாங்கியவர் ராஜாஜி. இரண்டாவது அவரை எதிர்த்துப் புறப்பட்டது.

1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து சுமார் 100 தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்தனர். கிட்டத்தட்ட 150 மைல். ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டம் மீறப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகத்தை தேசிய எழுச்சி என்று மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். சுதந்திரவாதியின் கண்ணால் பார்த்தால் அதன் தர்க்கம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கடல் தருவதை ஒருவன் தன் கையால் அள்ளிக் காய்ச்சுகிறான். அதற்கு அரசின் அனுமதி எதற்கு, வரி எதற்கு? ஏகபோகத்துக்கு எதிரான இவ்வளவு எளிய வாதத்தை எந்தப் பொருளாதார நூலும் தந்ததில்லை. தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவித்தார். வழிநெடுக மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டிவைத்த கதை டெல்டாவில் இன்றும் சொல்லப்படுகிறது. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதை அரசு தடுக்கலாமா என்ற கேள்வியில் சுதந்திரவாதம் முழுமையாக அடங்கியிருக்கிறது.

1938 ஆகஸ்ட் 1 அன்று அதே திருச்சியின் உறையூரிலிருந்து இன்னொரு படை புறப்பட்டது. இவர்களும் ஏறக்குறைய 100 பேர். பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், குமாரசாமிப் பிள்ளை ஆகியோர் முன்னின்றனர். 42 நாட்கள் ஊர் ஊராக நடந்து செப்டம்பர் 11 அன்று சென்னையை அடைந்தனர். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி. அவ்வாண்டு ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி அவரது அரசு ஆணையிட்டிருந்தது. எதிர்த்து மறியல் செய்தவர்கள் மீது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் ஏவப்பட்டது. தேசிய இயக்கத்தை நசுக்க வெள்ளை அரசு கையாண்டதும், காங்கிரசே அடக்குமுறைச் சட்டம் என்று கண்டித்ததுமான அதே ஆயுதம். 1,100க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைக் காவலில் இறந்தனர். 1940 பிப்ரவரியில், ராஜாஜி அமைச்சரவை பதவி விலகிச் சில மாதங்கள் ஆனபின், கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

உப்பை அள்ள அரசின் அனுமதி எதற்கு என்று 1930இல் கேட்டவர், பிள்ளை எந்த மொழி படிக்கவேண்டும் என்பதை 1938இல் அரசாணையால் தீர்மானித்தார். கை அள்ளும் உப்பைவிட நாக்கு பேசும் மொழி மனிதனுக்கு எவ்வளவு நெருக்கமானது! ராஜாஜியை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. பின்னாளில் அவரே இந்தித் திணிப்பை உறுதியாக எதிர்த்தார். 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். மனிதர் மாறலாம், மாறியதற்காக மதிக்கிறோம். ஆனால் அவரது சுதந்திரத்தின் வடிவம் மாறவில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைப் புகுத்தினார். இந்தியாவில் அதுவே முதல். இன்று சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றி நண்பர்கள் எழுதும் கோபமான வரிகளுக்குப் பாட்டனார் யார் என்று பார்த்துக்கொள்ளட்டும். 1953இல், கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தது. மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டார்கள். சந்தையின் விலையை அரசு நிர்ணயிக்கக்கூடாது. ஆனால் குழந்தையின் பிற்பகலைத் தகப்பன் தொழிலைக் கொண்டு அரசு நிர்ணயிக்கலாம் என்றால், இது எந்த ஊர்ச் சுதந்திரவாதம்?

இதைத்தான் பாதிச் சுதந்திரம் என்கிறோம். சட்டைப்பையில் அரசின் கை நுழைந்தால் துடிப்பது. அதே கை தொண்டையைப் பிடிக்கும்போது வேறு பக்கம் பார்ப்பது. ராஜாஜியோடு இது முடிந்திருந்தால் வரலாற்றுக் குறிப்பாக விட்டுவிடலாம். அவரைக் கொண்டாடும் நம் காலத்து நண்பர்களிடம் இது இன்னும் முற்றிய வடிவில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை.

குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். விசாரணையின்றி ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை அடைத்துவைக்க அது வழி செய்கிறது. ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் தரப்பட்டிருக்கிறது. 2014இல் அதன் வரம்பு மேலும் விரிந்தது. இரண்டு திராவிடக் கட்சிகளும் தத்தம் ஆட்சியில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கின்றன. தடுப்புக் காவலை மிகுதியாகக் கையாளும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பன்னிரண்டு மாதம் ஒரு மனிதனின் உடலையே அரசு எடுத்துக்கொள்கிறது. இதைவிடப் பெரிய வரி உண்டா? வரிவிகிதம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நண்பர்கள் இதைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.

மொழிப் பிரச்சினையும் மறுபடி வந்து நிற்கிறது. தேசியக் கல்விக் கொள்கையையும் அதன் மும்மொழித் திட்டத்தையும் ஏற்காததால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதாக 2025இல் தமிழக அரசு குற்றம் சாட்டியது. நம் நண்பர்களின் பதில் என்ன? தனியார் பள்ளிகளில் பெற்றோர் விரும்பி இந்தி படிக்கவைக்கிறார்களே என்கிறார்கள். விரும்பிப் படிப்பதை யார் தடுத்தார்கள்? மக்களிடம் வசூலித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்டால்தான் தருவேன் என்று மேலதிகாரம் கீழதிகாரத்திடம் பேரம் பேசுவதை எந்தச் சுதந்திரவாதி ஏற்பான்? அதே அளவுகோலை எங்கள் பக்கமும் திருப்புங்கள், மறுக்கமாட்டோம். தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு கட்டாயம்தான். அதற்கு நியாயம் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. தாய்மொழி கல்லாத ஒரு தலைமுறைக்கு இங்குள்ள நீதிமன்றமும் அலுவலகமும் அந்நியமாகிவிடும் என்பது எங்கள் வாதம். வாதம் பலவீனமென்றால் உடைக்கட்டும். ஒரு கட்டாயத்தை மட்டும் பார்த்து மற்றதைப் பார்க்காமலிருப்பதற்குத் தத்துவம் என்று பெயரில்லை.

இனி, வாக்குவாதத்தின் ஆழமான இடத்துக்கு வருவோம். வற்புறுத்தும் சக்தி அரசு ஒன்றுதானா? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தனர். வழக்குகள் பாயும் என்ற நிலையில் அவர்களைக் காக்க அவசரச் சட்டம் கொண்டுவந்ததும், பிறகு அதை முறையான சட்டமாக்கியதும் ராஜாஜி அரசு. அப்போது அறநிலையங்களுக்குப் பொறுப்பான அமைச்சர், உப்பு யாத்திரைக்கு வீட்டுவாசலைத் திறந்துவிட்ட அதே ராஜன். அந்தக் கோபுர வாசலில் ஒரு மனிதனை நூற்றாண்டுகளாகத் தடுத்து நிறுத்தியது போலீசோ கலெக்டரோ அல்ல. வழக்கம் தடுத்தது, ஊர் தடுத்தது. தடையை நீக்க அரசு வேண்டியிருந்தது. இந்தி ஆணையில் ராஜாஜி சுதந்திரத்தைக் குறைத்தார் என்றால், இங்கே அரசதிகாரத்தைக் கொண்டே அதைப் பெருக்கினார். அரசு சிறுத்தால் சுதந்திரம் தானே பெருகும் என்ற வாய்பாட்டில் இந்த ஒரு நாளை எங்கே வைப்பது?

சொத்துரிமைக்கும் இதே கேள்வி பொருந்தும். நண்பர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் ராபர்ட் நோசிக், 1974இல் வெளியான தன் நூலில் உடைமையின் நியாயத்துக்கு மூன்று விதிகள் சொன்னார்: முறையாக ஈட்டியிருக்கவேண்டும், முறையாகக் கைமாறியிருக்கவேண்டும், முன்பு அநீதி நடந்திருந்தால் அது திருத்தப்படவேண்டும். முதல் இரண்டு விதிகள் எங்கள் நண்பர்களுக்கு மனப்பாடம். மூன்றாவது வரும்போது குரல் தணிந்துவிடுகிறது. காவிரி டெல்டாவின் நிலங்கள் எவ்வாறு கைமாறின, உழைத்தவன் பெயர் ஏன் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை என்ற ஆராய்ச்சியை அந்த மூன்றாம் விதிதான் கோருகிறது. கூலி என்பது இருவருக்கிடையிலான ஒப்பந்தம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட பூசலில்தான். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மறுதரப்பைக் கொளுத்தும் வலிமையோடு இருந்தால், அங்கே சுதந்திரச் சந்தை இருந்ததாகச் சொல்ல நோசிக்கே கூசுவார்.

ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். கோயில்களை அரசிடமிருந்து விடுவிக்கவேண்டும் என்ற கோரிக்கை சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. 1925இல் நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கி இன்று 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் அறநிலைய நிர்வாகத்தில் குறைகளே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. மதச்சார்பற்ற அரசு உண்டியல் எண்ணிக்கொண்டிருக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் சுதந்திரவாதி கேட்கவேண்டிய முதல் கேள்வி, யாருக்கு விடுதலை என்பது. ஸ்ரீரங்கத்தின் வீதிகளில் அடிமனைப் பிரச்சினை என்று ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. வீடு குடியிருப்பவருடையது, அதன் கீழுள்ள மனை கோயிலுடையது என்பது கோயில் தரப்பின் உரிமைக் கோரல். தலைமுறைகளாக வாழும் வீட்டை விற்கவும் அடகு வைக்கவும் இடித்துக் கட்டவும் பத்திரம் பதியவும் தடைகள். நம் சட்டத்தின் பார்வையில் தெய்வம் ஒரு சட்ட நபர், அதிலும் என்றென்றைக்கும் மைனர். வயதுக்கே வராத நில உடைமையாளரோடு யார் பேரம் பேச முடியும்? இந்தக் கோயிலை நாளைக்கே அரசிடமிருந்து எடுத்து ஓர் அறங்காவலர் குழுவிடம் கொடுத்தால், அடிமனைக்காரரின் நிலையில் என்ன மாறும்? நிலக்கிழாரின் காரியதரிசி மாறுவார். மனிதனின் விடுதலையைப் பேசவேண்டிய தத்துவம் நிறுவனத்தின் விடுதலையைப் பேசிவிட்டு வீடு திரும்புவது எங்களுக்கு விளங்கவில்லை.

அதே கோயிலின் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிறது. 2006 டிசம்பரில் திறப்பு விழாவுக்கு முன்பே அது சிதைக்கப்பட்டது. பின் மீண்டும் நிறுவப்பட்டது. தாங்கள் ஆட்சிக்கு வந்தால் கோயில்களுக்கு வெளியே உள்ள இத்தகைய சிலைகளை அகற்றுவோம் என்று 2023 நவம்பரில் பாரதிய ஜனதா கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை ஸ்ரீரங்கத்திலேயே பேசினார். கடவுள் இல்லை என்ற கூற்று பக்தரைப் புண்படுத்தும் என்பது உண்மை. புண்படுத்தாத கருத்துக்கு உரிமைச் சட்டம் தேவையே இல்லையே! பெருமாளைச் சேவிக்கப் போகிறவரும், சேவிக்க எதுவுமில்லை என்பவரும் ஒரே வீதியில் நடக்கவேண்டும். ஒருவரை அகற்றும் புல்டோசர் அரசிடம் இருக்கக்கூடாது. இதைச் சொல்ல சுதந்திரவாதிக்கு நாக்கு எழவில்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்? பெரியாரைக் கடுமையாக விமர்சிப்பவரை வழக்கால் மிரட்டும்போது எங்கள் பக்கத்தவர்களும் இதையே சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

நண்பர்கள் ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். பொருளாதாரச் சுதந்திரம் வந்துவிட்டால் மற்றவை தானே வரும். சோறு கண்ட இடத்தில் பேச்சுரிமை பின்தொடரும் என்பது அது. வரலாறு இதற்கு முழுச் சாட்சி சொல்லவில்லை. 1973க்குப் பிந்தைய சிலேயில் பினோசே சந்தையைத் திறந்துவிட்டார், சிறைகளையும் நிரப்பினார். லீ குவான் யூவின் சிங்கப்பூர் உலகின் ஆகத் திறந்த சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கே எதிர்க்கட்சிக்காரராக வாழ்வது எளிதாக இருந்ததில்லை. சுதந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதில்லை. எதை நாம் கேட்கவில்லையோ அது வருவதேயில்லை.

எங்கள் தரப்புக்கும் இதில் பாடம் உண்டு. டாஸ்மாக் 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை முழுமையாக எடுத்துக்கொண்டபோது, அரசே கடைக்காரராகவும் அரசே போதனையாளராகவும் இருப்பதன் அபத்தத்தை முதலில் எடுத்துச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் சுதந்திரவாதிகளும் இடதுசாரிகளும் சேர்ந்தே. கள்ளிக்குடி வளாகம் எழுந்தபோது, வியாபாரியைக் கேட்டீர்களா என்று மக்கள் பெயரால் பேசுகிறவர்கள்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். அரசின் மீதான சந்தேகம் வலதுசாரிகளின் குடும்பச் சொத்தல்ல. உறையூரிலிருந்து புறப்பட்டவர்களும் ஓர் அரசாணையை எதிர்த்துத்தான் கால் தேய நடந்தார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. ராஜாஜியைக் கொண்டாடுங்கள்; ஆனால் இரண்டு நடைப்பயணங்களையும் சேர்த்துப் படியுங்கள். முதல் பயணத்தில் ராஜாஜியோடும் இரண்டாவதில் அழகிரியோடும் மூவலூர் அம்மையாரோடும் நடக்கத் தயாராக இருப்பவரே எங்கள் கணக்கில் சுதந்திரவாதி. அப்படிப்பட்டவரோடு வரிவிகிதம் பற்றியும் பொதுத்துறை பற்றியும் எத்தனை இரவுகள் வேண்டுமானாலும் வாதாடலாம்; சில இடங்களில் தோற்கவும் எங்களுக்குச் சம்மதமே. அடுத்த வாக்குவாதத்தைக் குண்டர் சட்டத்திலிருந்து தொடங்குவோம். வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.